கதையின் முடிவில் ‘நீதி’ வேண்டாம், தொடக்கத்தில் ‘அது எப்படி?’ வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுவர் பகுதியில் வாரந்தோறும் வரும் விலங்குக் கதைகளை மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் தாமாகப் படிப்பதில்லை. அம்மாவோ தாத்தாவோ அங்கன்வாடி டீச்சரோ வாசித்துக் காட்ட, அவர்கள் கேட்கிறார்கள். ஆனால் நாம் அச்சிடும் கதைகள் கண் படிப்பதற்கென்று எழுதப்பட்டவை. வாய்விட்டு வாசிக்கும்போது அவை தடுக்குகின்றன. எங்கே தடுக்குகின்றன, எதை மாற்றினால் சரியாகும் என்று விவரமாக எழுதியிருக்கிறேன். வாசித்துக் காட்டுகிறவர்களுக்கும் இது உதவும் என்பதால் கடிதம் நீண்டுவிட்டது. பொறுத்தருள வேண்டும்.

முதலில் ‘நீதி’. சிங்கமும் முயலும் கதையை நூற்றைம்பது சொல்லில் சுருக்கி, அடியில் தடித்த எழுத்தில் ‘நீதி: வல்லவனுக்கு வல்லவன் வையகத்தில் உண்டு’ என்று போடுகிறோம். அந்த வரிக்கு வந்ததும் வாசிக்கிறவரின் குரல் மாறிவிடும். அதுவரை கதை சொன்னவர் போய், பாடம் எடுப்பவர் வந்துவிடுவார். கிணற்றுக்குள் விழுந்த சிங்கத்தையே நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு நிமிட மௌனம்தான் தேவை. நீதி வரி அதைப் பறித்துவிடுகிறது.

பழைய கதைகளில் இந்த வரி இப்படி இருந்ததும் இல்லை. ஈசாப் கதைகளின் முடிவில் நிற்கும் நீதிவாக்கியங்கள் பிற்காலத்தில் தொகுத்தவர்கள் சேர்த்தவை. பஞ்சதந்திரத்தின் ஏற்பாடு முற்றிலும் வேறு. அதில் ஒரு பாத்திரம் கதைக்கு முன்னாலேயே ஒரு செய்யுளைச் சொல்லும். ‘அறிவு உள்ளவருக்கே பலம். காட்டில் செருக்குற்ற சிங்கத்தை ஒரு முயல் வீழ்த்தியதைப் பார்’ என்பது சிங்கம், முயல் கதைக்கு முன் வரும் செய்யுளின் கருத்து. கேட்கும் பாத்திரம் உடனே ‘கதம் ஏதத்?’ என்று கேட்கும். ‘அது எப்படி?’ என்று பொருள். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் கதை தொடங்கும். முடிவு முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது, ஆனாலும் சுவை குறைவதில்லை. சிறு பிள்ளைகள் என்ன நடந்தது என்பதைவிட எப்படி நடந்தது என்பதற்காகவே கேட்கிறார்கள். அதனால்தான் ஒரே கதையைப் பத்து நாள் கேட்டாலும் அவர்களுக்கு அலுப்பதில்லை.

ஆகவே முடிவில் இருக்கும் வரியைத் தொடக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். ‘ஒரு குட்டி முயல் பெரிய சிங்கத்தைத் தோற்கடித்ததாம்’ என்று ஒரு வரி, அடுத்த வரியில் ‘அது எப்படி?’ என்ற கேள்வி. இரண்டாம் நாளிலிருந்து அந்தக் கேள்வியைப் பிள்ளையே கேட்கும். கேட்கும் வரை வாசிக்கிறவர் காத்திருக்க வேண்டும். வீட்டில் பாட்டிமார் கதை சொல்லும்போது ‘ஊம்’ கொட்டச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். ‘ஊம்’ வந்துகொண்டிருந்தால் பிள்ளை கதைக்குள் இருக்கிறது என்று பொருள். அது நின்றால் பலர் குரலை உயர்த்துவார்கள். அது தவறு. குரலைத் தாழ்த்தி, அடுத்த வரியை ரகசியம் போல வாசித்தால் பிள்ளை திரும்பி வரும். அப்போதும் வராவிட்டால் தூக்கம் வந்திருக்கும், நிறுத்திவிடலாம்.

அடுத்தது நம் மொழிக்கே உரிய சிக்கல். தமிழ் உரைநடையில் ‘என்றது’ பேச்சுக்குப் பின்னால் வரும். “‘ஏன் இவ்வளவு தாமதம்?’ என்றது சிங்கம்” என்று எழுதுகிறோம். கண் ஓடிப்போய்ச் சிங்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும். வாய்க்கு அந்த வசதி இல்லை. பேசுவது யார் என்று தெரியாமலே வாசிக்கத் தொடங்கி, முயல் குரலில் சிங்கத்தின் வசனத்தைச் சொல்லி முடித்த பிறகுதான் ‘என்றது சிங்கம்’ கண்ணில் படும். வாய்மொழிக் கதையில் இந்தத் தொல்லை கிடையாது. ‘சிங்கம் கேட்டுச்சாம்: ஏன்டா இவ்வளவு நேரம்?’ என்று பேசுகிறவரின் பெயர்தான் முதலில் வரும். அச்சிலும் அப்படியே ‘சிங்கம் கேட்டது:’ என்று முதலில் போட்டுவிட்டால் போதும். இப்போதுள்ள புத்தகங்களை வாசிக்கிறவர்கள் ஒவ்வொரு பேச்சின் தொடக்கத்திலும் பென்சிலால் ‘சி’, ‘மு’ என்று குறித்துக்கொள்ளலாம். ஒரு கதைக்கு இரண்டு நிமிட வேலை அது.

வினையெச்சச் சங்கிலி, அதாவது ‘கண்டு’, ‘கொண்டு’ என்று முடியாத வினைகளை அடுக்கிக்கொண்டே போவது, இன்னொரு தடை. ‘பசியால் வாடிய சிங்கம், தாமதமாக வந்த முயலைக் கண்டு கடுஞ்சினம் கொண்டு, காரணம் யாதென வினவ, முயல் நடுங்கியவாறு வழியில் நிகழ்ந்ததைக் கூறத் தொடங்கியது’ என்பது ஒரே வாக்கியம். நான்கு வயதுப் பிள்ளை ‘கண்டு’ வரும்போதே வழி தவறிவிடும். அதையே இப்படி எழுதலாம்:

‘சிங்கத்துக்குப் பசி. காலையிலிருந்து பசி. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு மிருகமும் வரவில்லை. சிங்கம் குகைக்கு வெளியே வந்து பார்த்தது. யாரும் இல்லை. மறுபடியும் பார்த்தது. தூரத்தில் ஒரு முயல். சின்ன முயல். மெல்ல மெல்ல நடந்து வந்தது. சிங்கம் கேட்டது: ஏன் இவ்வளவு நேரம்?’

சொற்கள் கூடியிருக்கின்றன, ஆனால் எந்த வாக்கியமும் ஐந்தாறு சொல்லைத் தாண்டவில்லை. ‘பசி’, ‘பார்த்தது’, ‘முயல்’ எல்லாம் இரண்டு முறை வருகின்றன. கண்ணுக்குச் சலிப்பாகத் தெரியும் இந்தத் திரும்பக் கூறல் காதுக்குப் பிடிமானம். கதையைச் சுருக்கும்போது நாம் முதலில் வெட்டி எறிவது இதைத்தான். மூன்றாம் வாசிப்பில் ‘காலையிலிருந்து…’ என்று நிறுத்தினால் பிள்ளை ‘பசி’ என்று முடித்துவைக்கும். நிறுத்துவதற்கு ஏற்ற வரி கதையில் இருந்தால்தான் அது நடக்கும்.

எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா என்ற கேள்வி எல்லா வீட்டிலும் எழுகிறது. மூன்று வயதுப் பிள்ளை ‘வந்துச்சு’ என்று பேசும், புத்தகத்தில் ‘வந்தது’ என்று இருக்கும். சிலர் வாசிக்கும்போதே எல்லாவற்றையும் பேச்சுக்கு மாற்றுவார்கள். ஒரு நாள் ஒரு மாதிரி, மறுநாள் வேறு மாதிரி வரும். கதையை மனப்பாடமாக வைத்திருக்கும் பிள்ளை ‘அப்படி இல்ல’ என்று மறிக்கும். புத்தகத்தில் இருப்பதுதான் வாயிலிருந்து வருகிறது என்ற நம்பிக்கையும் குலையும். பிற்பாடு எழுத்துக் கூட்டும்போது பிள்ளைக்கு உதவப்போவது அந்த நம்பிக்கைதான். என் முடிவு இது: கதை நடப்பதை எளிய எழுத்துத் தமிழில், உள்ளபடியே வாசிக்க வேண்டும். விலங்குகள் பேசுவதைப் பேச்சுத் தமிழில் அச்சிட வேண்டும். ‘கூறியது’, ‘வினவியது’, ‘உரைத்தது’ ஆகிய மூன்றையும் விட்டுவிட்டு ‘சொன்னது’, ‘கேட்டது’ என்று மட்டும் எழுதினால் எழுத்துத் தமிழும் பிள்ளைக்குப் புரியும்.

‘இருந்ததாம்’, ‘போனதாம்’ என்ற அந்த ‘ஆம்’ பற்றியும் ஒரு சொல். இது கதை என்று பிள்ளைக்குச் சொல்லும் மணி அதுதான். அச்சில் அது காணாமல் போய்விட்டது. முதல் இரண்டு மூன்று வாக்கியங்களில் அதை வைத்துவிட்டுப் பிறகு விட்டுவிடலாம். எல்லா வாக்கியத்திலும் வந்தால் தாலாட்டு போல ஒரே ராகமாகி, பாதிக் கதையில் தூங்கிவிடுவார்கள்.

அதேபோல், ‘நரி வந்தது’ என்று தொடங்கி நான்கு வரி தாண்டி ‘நரியார் சிரித்தார்’ என்று எழுதுவதும் பிள்ளையைக் குழப்பும். ‘ஆர்’ சேர்த்தால் வினையும் உயர்திணையாக வேண்டும், கடைசி வரை அப்படியே போக வேண்டும். நடுவில் மாறினால் ‘இன்னொரு நரியா?’ என்ற கேள்வி வரும். அது நியாயமான கேள்வி.

எந்தக் கதை எந்த வயதுக்கு என்பதையும் கதைக்குப் பக்கத்தில் குறிப்பிட வேண்டுகிறேன். பஞ்சதந்திரம் சிறு குழந்தைகளுக்காகச் செய்த நூலே அல்ல. அமரசக்தி என்ற அரசனின் மூன்று பிள்ளைகளை ஆறு மாதத்தில் அரசியல் தேர்ந்தவர்களாக்கிக் காட்டுவதாக விஷ்ணுசர்மா வாக்குக் கொடுத்தார் என்பது அதன் தொடக்கக் கதை. சென்னைக் கல்விச் சங்கத்தில் தமிழாசிரியராக இருந்த தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து மொழிபெயர்த்து 1826இல் வெளிவந்த தமிழ்ப் பஞ்சதந்திரமும் வளர்ந்த மாணவருக்கானதே. கதைக்குள் கதை, அதற்குள் இன்னொரு கதை என்று போகும் அந்த அமைப்பை உரித்து, ஒரு நேரத்தில் ஒரு கதையாகக் கொடுக்க வேண்டும். நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு எழுபது எண்பது சொல் போகும். மூன்று வயதுக்கு ஐந்து நிமிடம், அதாவது 350 முதல் 400 சொல். ஐந்து வயதுக்கு எட்டு நிமிடம் வரை தாங்கும்.

மூன்று வயதுக்குக் காக்கா, வடை, நரி கதை போதும். யாரும் சாவதில்லை, இடம் மாறுவதில்லை, போவது ஒரு வடை மட்டும். ஆனால் நரி வந்ததும் பாடச் சொல்லி, காக்கா பாடி, வடை விழுந்தால் கதை இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். நரி முதலில் இறக்கையைப் புகழட்டும், காக்கா பேசாது. கண்ணைப் புகழட்டும், அப்போதும் பேசாது. மூன்றாவதாகத்தான் குரல். ஒவ்வொரு தடவையும் ‘காக்கா வாயைத் திறக்கவே இல்லை’ என்ற வரி வர வேண்டும். காக்கா வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு பாடும் புதுக் கதையைப் பலர் முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். பழையது நன்றாகப் பதிந்த பிறகுதான் புதியதில் சிரிப்பு வரும்.

சிங்கமும் முயலும் நான்கு வயதுக்கு. வாசிக்கிறவர்கள் செய்யும் பெரிய பிழை, தொடக்கத்திலேயே முழுக் கர்ஜனையையும் செலவழித்துவிடுவது. கிணற்றருகே வரும்போது குரலில் மிச்சம் இருக்காது. மூலக்கதையில் சிங்கத்தின் கர்ஜனை கிணற்றுக்குள்ளிருந்து இரண்டு மடங்காகத் திரும்பி வரும். அதனால் அதுவரை சிங்கம் மெதுவாக, அடித்தொண்டையில்தான் பேச வேண்டும். முயலுக்குச் சின்னக் குரல் வைக்க வேண்டாம், பின்னால் இருக்கும் பிள்ளைக்குக் கேட்காது. வேகமாக, குட்டிக் குட்டியாகப் பேசினாலே முயல் வந்துவிடும். கிணற்றின் பதிலை ஒரு வாயகன்ற சொம்புக்குள் பேசிக் காட்டலாம். கிணற்றையே பார்க்காத பிள்ளைகள் இன்று ஏராளம். கதைக்கு முன்பே ஓர் அண்டாவில் முக்கால் அளவு தண்ணீர் வைத்து, குனிந்து முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி உதவாது. சிங்கம் ஏன் குனிந்தது, ஏன் விழுந்தது என்பது மேலிருந்து எட்டிப் பார்த்தால்தான் விளங்கும்.

குரங்கும் முதலையும் கதையில் ‘இதயம்’ என்ற சொல் நடு ஆற்றில் வருகிறது. அங்கே நிறுத்தி விளக்கினால் கதை மூழ்கிவிடும். தொடங்கும் முன்பே பிள்ளையின் கையை அதன் நெஞ்சில் வைத்து, ‘லப்டப்னு அடிக்குது பார், இதுதான் இதயம்’ என்று சொல்லிவிட வேண்டும். முதலை உண்மையைச் சொன்னதும் மனத்துக்குள் மூன்று எண்ணும் வரை நிறுத்துங்கள். அதற்குப் பிறகு குரங்கின் பொய்யைச் சாதாரணக் குரலில் வாசிக்க வேண்டும். பலர் அதைத் தந்திரக் குரலில் வாசிக்கிறார்கள். தந்திரம் குரலில் தெரிந்தால் முதலை ஏன் நம்பியது என்று பிள்ளைக்குப் புரியாது. புத்த ஜாதகக் கதை வடிவத்தில் குரங்கு ஓர் அத்தி மரத்தைக் காட்டி, அதில் தொங்கும் பழங்களே எங்கள் இதயங்கள் என்று சொல்கிறது. கையால் சுட்டிக் காட்ட முடிகிற அந்த வடிவம் வாசிப்புக்கு இன்னும் நல்லது.

அன்னங்கள் குச்சியில் தூக்கிச் சென்ற ஆமையின் கதையைப் பலர் திருத்தி, ஆமையைக் குளத்தில் விழவைத்துக் காப்பாற்றிவிடுகிறார்கள். வேண்டாம். ‘பொத்’ என்று விழுந்த இடத்தில் நிறுத்துங்கள். ‘செத்துப்போச்சா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்று ஒரே சொல்லில் பதில் சொல்லுங்கள். சிங்கத்தைக் கிணற்றிலிருந்து ஏற்றி மன்னிப்புக் கேட்கவைக்கும் கதையும் வந்திருக்கிறது. அதைக் கேட்ட பிள்ளை ‘அப்போ நாளைக்கு அது எதைச் சாப்பிடும்?’ என்று கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. சாவு வரும் கதை ஒரு வயதுக்கு அதிகம் என்று தோன்றினால், கதையை மாற்றாமல் வேறு கதையை எடுக்க வேண்டும். கொக்கின் கழுத்தை நண்டு அறுக்கும் கதை ஆறு வயதுக்குப் பிறகு வரலாம். பிள்ளையைக் காத்த கீரியைத் தாய் அடித்துக் கொல்லும் கதையை எட்டு வயது வரை தள்ளிவைக்கலாம். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் அந்தத் துயரம் வருகிறது. பெரியவர்களையே உலுக்கும் கதை அது.

ஆறு வயதுப் பிள்ளைகளுக்குத் தொடர்கதையாகப் போடத் தகுந்தது பஞ்சதந்திரத்தின் இரண்டாம் தந்திரம், அதாவது நூலின் இரண்டாம் பகுதி. முதல் வாரம் வலையோடு பறந்த புறாக்கள். ‘முதலில் என் கூட்டத்தாரின் கட்டைக் கடி, பிறகு என்னுடையதை’ என்று புறாவரசன் எலியிடம் சொல்லும் இடத்தில் முடிக்கலாம். இரண்டாம் வாரம் காக்காவும் எலியும் நட்பாவது. மூன்றாவது, ஆமையும் மானும் வந்து சேர்வது. நான்காவது, வேடனிடம் சிக்கிய ஆமையை மீட்க மான் செத்ததுபோல் கிடப்பது. சித்திரக்கிரீவன் (புறாவரசன்), இரணியகன் (எலி), மந்தரகன் (ஆமை) போன்ற பெயர்களை இந்த வயதில் விட்டுவிட வேண்டாம். ‘சித்திர / கிரீவன்’ என்று பிரித்து அச்சிட்டால் வாசிக்கிறவரின் நாக்கு புரளாது, பிள்ளைகளும் அந்தப் பெயர்களை ஆசையோடு சொல்லிப் பார்ப்பார்கள்.

பள்ளியிலோ அங்கன்வாடியிலோ கூட்டமாக வாசிக்கும்போது பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். அரைவட்டமாக உட்காரவைத்து, வாசிக்கிறவர் சன்னலைப் பார்த்து உட்கார வேண்டும். சன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் பிள்ளைகளுக்கு முகமும் படமும் இருட்டாகத் தெரியும். புத்தகத்தைத் தோளுயரத்தில் பக்கவாட்டில் பிடித்தால் வாசிக்கிறவர் ஓரக்கண்ணால்தான் வரிகளைப் பார்க்க முடியும். ஆகவே இரண்டு தடவையாவது முன்பே வாய்விட்டு வாசித்துப் பழகியிருக்க வேண்டும். மனத்துக்குள் வாசித்தால் கணக்கில் வராது.

இனி அச்சு. பத்திரிகைப் பத்தி ஒடுக்கமாக இருப்பதால் நீளமான தமிழ்ச் சொற்கள் வரி முடிவில் உடைகின்றன. ‘கர்ஜித்துக்கொண்’ என்று ஒரு வரி முடிந்து ‘டிருந்தது’ என்று அடுத்தது தொடங்கினால், இரவு விளக்கில் வாசிக்கும் தாத்தா அங்கே தடுமாறுவார். குழந்தைக் கதைக்கு மட்டும் வலது ஓரத்தைச் சமன் செய்யாமல், சொல் உடையாமல், 14 புள்ளி எழுத்தில் அகலப் பத்தியாகத் தாருங்கள். ஒரு மூச்சில் வாசிக்க வேண்டியது ஒரு வரியாக அமைந்தால் மிக நல்லது.

படத்தைப் பொறுத்தவரை, பீட்டர் முயல் கதை வழிகாட்டி. ஆங்கில எழுத்தாளர் பீட்ரிக்ஸ் பாட்டர் 1893இல் நோயில் படுத்திருந்த ஐந்து வயதுச் சிறுவனுக்குப் படம் வரைந்து எழுதிய கடிதமாகத்தான் அது தொடங்கியது. 1901இல் அவரே 250 பிரதி அச்சிட்டார், 1902இல் பதிப்பகத்தார் வெளியிட்டனர். பிள்ளையின் கைக்கு அடங்கும் சின்னப் புத்தகம், ஒரு பக்கம் படம், எதிர்ப்பக்கம் சில வரிகள் மட்டும். வாசிக்கும் நேரமும் படத்தைப் பார்க்கும் நேரமும் அங்கே ஒத்துப்போகின்றன. நாளிதழில் அவ்வளவு இடம் கிடைக்காது என்பது தெரியும். ஒரு பெரிய படத்துக்குப் பதிலாக மூன்று சிறு கோட்டோவியங்களைக் காட்சி மாறும் இடங்களில் வைத்தாலே போதும்.

சோதனையாக நான்கு வாரம் இப்படி வெளியிட்டுப் பார்க்குமாறு வேண்டுகிறேன். முதல் கதையாகக் குரங்கும் முதலையும் இருக்கலாம். ஐந்நூறு சொல், பேசுகிறவரின் பெயர் முன்னால், நிறுத்த வேண்டிய இடத்தில் ஒரு வெற்று வரி, முடிவில் நீதி இல்லை. தலைப்புக்குக் கீழே இந்த இரண்டு வரிகள்:

‘மரத்தில் விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லியே ஒரு குரங்கு முதலையிடமிருந்து தப்பித்ததாம்.’

‘அது எப்படி?’

இப்படிக்கு,
தங்கள் வாசகர்